காசாவில் எடுபட்ட மிரட்டல் உக்ரைனில் ஏன் எடுபடவில்லை?

கேள்வி இதுதான்: “24 மணி நேரத்தில் போரை நிறுத்துவேன் என்று சொல்லித்தானே டிரம்ப் ஓட்டு கேட்டார்? காசாவில் நிறுத்தினார், ஈரானில் நிறுத்தினார், தாய்லாந்து–கம்போடியா சண்டையைக்கூட நிறுத்தினார். உக்ரைனில் மட்டும் ஏன் நடக்கவில்லை? அடுத்து என்ன செய்வார் என்று எதிராளிக்குத் தெரியாமல் இருப்பது பேரத்தில் பலம்தானே?”

கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், விஷயம் அங்கேதான் இருக்கிறது. பலம்தான், ஆனால் எல்லாரிடமும் இல்லை. ஒருவர் எந்த நேரத்தில் எப்படி மாறுவார் என்று தெரியாவிட்டால் யார் பயப்படுவார்கள்? அவரிடம் சம்பளம் வாங்குபவர் பயப்படுவார், அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் பயப்படுவார். எதிர் வரிசையில் சொந்த வீட்டில் இருப்பவர் வேடிக்கைதான் பார்ப்பார். 2025 முழுக்க நடந்ததை இப்படித்தான் நான் படிக்கிறேன். காசாவில் அமெரிக்காவை நம்பி இருந்தவர் கையில்தான் போர் விமானங்களும் இருந்தன. உக்ரைனில் அமெரிக்காவை நம்பி இருப்பவர் அடி வாங்கும் தரப்பு. அவரை எவ்வளவு உருட்டி மிரட்டினாலும் அடிப்பவர் கை நிற்காது.

2025 ஜூன் 24 காலையைப் பாருங்கள். இஸ்ரேல்–ஈரான் சண்டை 12 நாள் ஓடிய பிறகு, சண்டைநிறுத்தம் என்று டிரம்ப் தன் சமூக வலைதளப் பக்கத்தில் அறிவித்துவிட்டார். சில மணி நேரத்தில், ஈரான் ஏவுகணை விட்டுவிட்டது என்று சொல்லி இஸ்ரேல் விமானங்கள் மறுபடி கிளம்பின. வெள்ளை மாளிகை வாசலில் கேமராக்களுக்கு முன்னால் இரண்டு நாட்டையும் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தையில் திட்டினார் மனிதர், பைலட்டுகளை உடனே வீட்டுக்குத் திருப்பிக் கூப்பிடு என்று இஸ்ரேலுக்கு எல்லார் கண்ணிலும் படும்படி எழுதினார், இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்குப் போன் போட்டார். விமானங்கள் ஒரு ராடார் நிலையத்தை அடித்ததோடு திரும்பின. இது வேலை செய்ததற்குக் காரணம் அவருடைய கோபம் மட்டுமில்லை. அந்த விமானங்களும் அதில் மாட்டியிருந்த குண்டுகளும் பெரும்பாலும் எங்கிருந்து வந்தவை என்று நெதன்யாகுவுக்குத் தெரியும்.

தாய்லாந்து–கம்போடியா இன்னும் எளிது. ஜூலை 24 அன்று எல்லையில் சண்டை மூண்டது. இரண்டு நாட்டுக்கும் 36 சதவீத வரி ஆகஸ்ட் 1 முதல் என்று கத்தி ஏற்கனவே தொங்கிக்கொண்டிருந்தது. சண்டை போட்டால் வர்த்தக ஒப்பந்தம் கிடையாது என்று போனில் சொன்னார். ஜூலை 28 அன்று மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் முன்னால் இரண்டு தரப்பும் உட்கார்ந்து சண்டைநிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டன, வரியும் 19 சதவீதமாகக் குறைந்தது. (டிசம்பரில் அதே எல்லையில் மறுபடி குண்டு வெடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரியைக் காட்டிச் சண்டையை நிறுத்தலாம், எல்லைக்கோடு எங்கே போகிறது என்ற வழக்கை வரி தீர்க்காது.)

காசாவில் எனக்கு மறக்காத படம் ஒன்று உண்டு. செப்டம்பர் 9 அன்று இஸ்ரேல் கத்தார் தலைநகர் தோஹாவில் ஹமாஸ் தலைவர்களைக் குறிவைத்துக் குண்டு போட்டது. கத்தார் அமெரிக்காவின் கூட்டாளி, அமெரிக்காவின் பெரிய விமானத் தளம் அங்கே இருக்கிறது. செப்டம்பர் 29 அன்று வெள்ளை மாளிகையில் டிரம்ப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நெதன்யாகு கையில் ஒரு தாளுடன் கத்தார் பிரதமரிடம் வருத்தம் தெரிவிக்கிறார். அந்தப் படத்தை வெளியிட்டதும் வெள்ளை மாளிகையே. அதே நாளில் காசா போரை நிறுத்த டிரம்பின் 20 அம்சத் திட்டம் வெளிவந்தது, ஹமாஸ் பக்கம் கத்தாரும் எகிப்தும் துருக்கியும் அழுத்தம் கொடுத்தன, அக்டோபர் 10 அன்று சண்டைநிறுத்தம் அமலுக்கு வந்தது. அதற்கப்புறம் அங்கே குண்டே விழவில்லை என்று சொல்ல வரவில்லை, விழுந்தது, ஆட்கள் செத்தார்கள். ஆனால் முழுப் போர் நின்றது. பிடி யாரிடம் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உக்ரைனுக்கு வருவோம். டிரம்ப் கையில் என்ன பிடி இருந்தது? ரஷ்யாவோடு அமெரிக்காவின் சரக்கு வர்த்தகம் 2021இல் சுமார் 36 பில்லியன் டாலர், 2024இல் சுமார் மூன்றரை பில்லியன். அதாவது பறிப்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. ஏப்ரல் 2 அன்று உலகம் முழுக்க வரி போட்ட அந்தப் பட்டியலில் ரஷ்யாவின் பெயரே இல்லை. உக்ரைன் பக்கமோ பிடி அத்தனையும் இருந்தது: வரும் ஏவுகணையை வானிலேயே அடித்து விழுத்தும் பேட்ரியாட் ஏவுகணைகள், எதிரி எங்கே நகர்கிறான் என்ற உளவுத் தகவல், பணம்.

ஆக எந்தப் பிடி கைக்கு எட்டியதோ அதைப் பிடித்து முறுக்கினார். வருட ஆரம்பத்தில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். பிப்ரவரி 12 அன்று ரஷ்ய அதிபர் புதினோடு ஒன்றரை மணி நேரம் போனில் பேசினார். (சரியாக மூன்று வருடம் முன்பு, 2022 பிப்ரவரி 12 அன்றுதான் முந்தைய அதிபர் பைடன் புதினோடு கடைசியாகப் பேசியது. நடுவில் மூன்று வருடம் அந்த லைனே பேசவில்லை. அதைத் திறந்ததற்கு டிரம்புக்கு மார்க் போடத்தான் வேண்டும்.) அதே நாளில் அவருடைய பாதுகாப்புச் செயலர் ஹெக்செத் பிரஸ்ஸல்ஸில் போய், அமெரிக்காவும் ஐரோப்பாவும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவில் உக்ரைன் சேர்வதும், ரஷ்யா கிரிமியாவைப் பிடித்த 2014க்கு முந்தைய எல்லைக்குத் திரும்புவதும் நடக்கிற காரியம் இல்லை என்று சொல்லிவிட்டார். பேச்சு தொடங்கும் முன்பே, எதுவும் வாங்காமல், இரண்டு பெரிய விஷயங்களைத் தட்டில் வைத்துக் கொடுத்தாயிற்று. சந்தையில் மாடு விற்கப் போகிறவர்கூட துண்டுக்குள் கையை விட்டு விரலைத் தொட்ட பிறகுதான் விலை சொல்வார். 18ஆம் தேதி சவுதி தலைநகர் ரியாத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் உட்கார்ந்தன, உக்ரைனுக்கு அழைப்பில்லை. 19ஆம் தேதி உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியைத் தேர்தல் நடத்தாத சர்வாதிகாரி என்றார் டிரம்ப். உக்ரைனில் ராணுவச் சட்டம் அமலில் இருக்கும்போது தேர்தல் நடத்த அவர்கள் சட்டமே இடம் கொடுக்காது என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 28 எல்லாரும் பார்த்தது. வெள்ளை மாளிகை அறையில், கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்க, துணை அதிபர் வான்ஸும் டிரம்பும் ஒரு பக்கம், ஜெலென்ஸ்கி மறுபக்கம். உன் கையில் சீட்டு இல்லை என்றார் டிரம்ப். சமைத்து வைத்த மதியச் சாப்பாட்டைக்கூடச் சாப்பிடாமல் ஜெலென்ஸ்கி வெளியே வந்தார், உக்ரைன் கனிமங்களில் அமெரிக்காவுக்குப் பங்கு தர அன்று கையெழுத்தாக வேண்டிய ஒப்பந்தம் அப்படியே கிடந்தது. மார்ச் 3 அன்று ஆயுத உதவி நிறுத்தம், இரண்டு நாளில் உளவுத் தகவலும் நிறுத்தம். ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதிக்குள் 2024 ஆகஸ்டில் புகுந்து உட்கார்ந்திருந்த உக்ரைன் படை அந்த நாட்களில்தான் சுட்ஜா நகரை இழந்தது. உளவு நின்றதுதான் ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஏற்கனவே அங்கே நிலைமை மோசம். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுச் சண்டை போடச் சொன்ன கதைதான் அது.

பலன்? மார்ச் 11 அன்று சவுதியின் ஜெட்டா நகரில் அமெரிக்காவோடு பேசி உக்ரைன் 30 நாள் முழுச் சண்டைநிறுத்தத்துக்குச் சரி என்றது. வெள்ளை மாளிகைச் சண்டைக்குப் பிறகு பன்னிரண்டு நாள்கூட ஆகவில்லை! மிரட்டல் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? என்ன ஒன்று, அது வேலை செய்தது தவறான ஆளிடம். இரண்டு நாள் கழித்து புதினிடம் கேட்டால் யோசனை நல்லதுதான், ஆனால் சில நுணுக்கங்கள் இருக்கின்றன என்றார்: யார் கண்காணிப்பார்கள், குர்ஸ்க்கில் இருக்கும் உக்ரைன் படை என்ன ஆகும், அந்த 30 நாளில் உக்ரைன் ஆள் சேர்த்து ஆயுதம் வாங்கிக்கொண்டால்? பிறகு அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான், போரின் மூல காரணங்களைத் தீர்க்காமல் துப்பாக்கியைக் கீழே வைக்க முடியாது.

இதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது, அவர் பக்கத்துக் கணக்கு அது. மெதுவாக, ஏராளமான உயிர்களைக் கொடுத்து என்றாலும், களத்தில் முன்னேறிக்கொண்டிருப்பது அவர் படை. முன்னேற்றம்தான் அவர் கையிலிருக்கும் சீட்டு. சண்டை நின்ற அன்றே அந்தச் சீட்டு செல்லாமல் போகும், அதன்பின் அவர் கேட்பதைக் கொடுக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இருக்காது. 2022 செப்டம்பரில் டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், சபோரிஜியா, கெர்சன் என்ற நான்கு மாகாணங்களையும் ரஷ்யாவின் பகுதி என்று அறிவித்துவிட்டார், ஆனால் அவற்றை முழுசாக இன்னும் பிடிக்கவில்லை. உக்ரைன் பக்கம் இதே கணக்கு தலைகீழ்: முதலில் சுடுவதை நிறுத்து, அப்புறம் பேசலாம். இரண்டு பேரும் “சமாதானம்” என்ற ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள், வரிசை மட்டும் வேறு. நடுவில் நிற்பவர் இந்த வரிசையில் ஒரு பக்கம் உறுதியாக நிற்க வேண்டும். டிரம்ப் நின்றார், ஆனால் மாறி மாறி நின்றார்.

புதின் அவரைக் கையாண்ட விதம் தனியாகப் படிக்க வேண்டிய பாடம். டிரம்ப் பொறுமை இழந்து ஏதாவது செய்யப் போகிறார் என்று தெரிந்தால் போதும், மாஸ்கோவிலிருந்து ஒரு சில்லறைக் காசு விழும். 30 நாள் முழு நிறுத்தம் கேட்டால் மின்நிலையங்களை மட்டும் 30 நாள் அடிக்க மாட்டோம் என்று மார்ச் 18 அன்று ஒரு காசு. ஏப்ரலில் ஈஸ்டருக்கு 30 மணி நேர நிறுத்தம். மே மாதம், இரண்டாம் உலகப் போரில் ஜெயித்ததை ரஷ்யா கொண்டாடும் வெற்றி தினத்துக்கு மூன்று நாள். மே 10 அன்று பிரான்ஸின் மக்ரோன், பிரிட்டனின் ஸ்டார்மர், ஜெர்மனியின் மெர்ஸ், போலந்தின் டுஸ்க் நாலு பேரும் உக்ரைன் தலைநகர் கீவ் போய் நின்று, திங்கட்கிழமைக்குள் நிறுத்தாவிட்டால் புதிய தடை என்று கெடு வைத்தால், அன்றிரவே புதின் டிவியில் வந்து இஸ்தான்புல்லில் நேரடியாகப் பேசலாம் என்கிறார். டிரம்ப் உடனே உக்ரைனிடம் போய்ப் பேசு என்கிறார். கெடு காற்றில் போனது. அக்டோபரில் தொலைதூரம் பாயும் டோமஹாக் ஏவுகணை கேட்டு ஜெலென்ஸ்கி வாஷிங்டன் வருவதற்கு முந்தைய நாள், 16ஆம் தேதி, புதினிடமிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் போன். அடுத்து ஹங்கேரியின் புடாபெஸ்டில் சந்திக்கிறோம் என்று அறிவிப்பு. டோமஹாக் கிடைக்கவில்லை. புடாபெஸ்டும் நடக்கவில்லை.

இதற்கு நடுவில் கெடு வைப்பதும் தள்ளுவதும். ஏப்ரல் 24 அன்று கீவ் மீது பெரிய தாக்குதல் நடந்ததும் “விளாதிமிர், நிறுத்து!” என்று எழுதினார். மே 28 அன்று இன்னும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும் என்றார். ஜூலை 14 அன்று 50 நாள் கெடு, இல்லாவிட்டால் 100 சதவீத வரி. இரண்டு வாரத்தில் அதை 10, 12 நாளாகக் குறைத்து ஆகஸ்ட் 8 என்று தேதி வைத்தார். வழக்கமாகக் கடன் வாங்கியவர்தான் தவணை சொல்வார். இங்கே வசூலுக்கு வந்தவரே தவணை சொல்லிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 8 வந்தபோது ரஷ்யாவுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை, அலாஸ்காவுக்கு அழைப்புதான் போனது.

அடி விழுந்தது வேறு இடத்தில். ஆகஸ்ட் 6 அன்று, டிரம்பின் தூதர் விட்காஃப் மாஸ்கோவில் புதினைச் சந்தித்த அதே நாளில், ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக என்று இந்தியா மீது கூடுதல் 25 சதவீத வரி. ஏற்கனவே இருந்த 25உம் சேர்ந்து, ஆகஸ்ட் 27 முதல் 50 ஆனது. இந்தியாவைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்கும் சீனாவுக்கு இந்தத் தண்டனை இல்லை, ஏனென்றால் அரிய கனிமங்களை வைத்துத் திருப்பி அடிக்க சீனாவுக்குத் தெரியும். டொனெட்ஸ்க் எங்கே இருக்கிறது என்று தெரியாத திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்தான் அந்த மாதம் மாட்டினார். திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. பையர் ஆர்டரை நிறுத்தி வை என்கிறார், தைத்து முடித்த சரக்குக்குத் தள்ளுபடி கேட்கிறார், கூலிக்கு வந்தவர்களுக்கு வேலை நாள் குறைகிறது. எட்டுகிற பிடியைத்தான் மனிதர் முறுக்குவார் என்று மேலே சொன்னேனே, இதுவும் அதே ரகம்.

அலாஸ்காவைப் பற்றிக் கொஞ்சம். ஆகஸ்ட் 15, ஆங்கரேஜ் ராணுவத் தளம், சிவப்புக் கம்பளம், டிரம்பின் காரிலேயே புதின் ஏறிப் போகிறார். போகும் வழியில், சண்டைநிறுத்தம் இல்லாமல் திரும்பினால் எனக்குத் திருப்தி இருக்காது என்று சொன்னவர் டிரம்ப். ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார்கள், விருந்து ரத்து, கேள்வி எதையும் எடுக்கவில்லை. மறுநாள் பார்த்தால், வெறும் சண்டைநிறுத்தம் நிலைக்காது, நேராக அமைதி ஒப்பந்தத்துக்கே போய்விடலாம் என்று எழுதுகிறார். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன அந்த வரிசைச் சண்டையில் இது ரஷ்யாவின் வரிசை. மார்ச்சில் உக்ரைனை முறுக்கி வாங்கிய சம்மதம் ஒரே இரவில் பழைய பேப்பர் ஆனது. 18ஆம் தேதி ஜெலென்ஸ்கியோடு ஏழு ஐரோப்பியத் தலைவர்கள் வெள்ளை மாளிகைக்கு ஓடி வந்தது இதனால்தான், ஒரே ஆளாக அனுப்பினால் பிப்ரவரிக் கதை மறுபடி நடக்கும் என்ற பயம்.

அப்புறமும் ஊசல் நிற்கவில்லை. செப்டம்பர் 23 அன்று உக்ரைன் இழந்த நிலம் முழுவதையும் மீட்க முடியும், ரஷ்யா காகிதப்புலி என்றார். அக்டோபர் 22 அன்று ரோஸ்னெஃப்ட், லுகோயில் என்ற இரண்டு பெரிய எண்ணெய் நிறுவனங்கள் மீது தடை போட்டார். இரண்டாம் முறை பதவிக்கு வந்தபின் ரஷ்யா மீது அவர் போட்ட முதல் கனமான அடி அதுதான். இந்த வழியில்தான் மார்ச்சிலேயே போயிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஒரே மாதத்தில், நவம்பரில், போரை முடிக்க அமெரிக்காவின் 28 அம்சத் திட்டம் ஒன்று வெளியே கசிந்தது: டொனெட்ஸ்க்கில் உக்ரைன் இன்னும் வைத்திருக்கும் பகுதியையும் விட்டுவிட வேண்டும், ராணுவம் 6 லட்சம் பேருக்கு மேல் கூடாது. நவம்பர் 27க்குள் சரி சொல் என்று கெடு, மறுபடியும் உக்ரைனுக்கு! ஜெனிவாவில் உட்கார்ந்து திட்டத்தைச் சுருக்கினார்கள், கெடு மறந்து போனது.

அந்த டொனெட்ஸ்க் துண்டு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பார்கள். ஸ்லோவியான்ஸ்க், கிராமடோர்ஸ்க் என்று வரிசையாக நகரங்கள், 2014இலிருந்து பதுங்குகுழி வெட்டிக் கட்டிய அரண் அது. அதற்கு மேற்கே பெரும்பாலும் திறந்த வெளி. அதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அடுத்த முறை எங்கே நின்று தடுப்பது? தவிர, நாடு தழுவிய பொது வாக்கெடுப்பு இல்லாமல் எல்லையை மாற்ற உக்ரைன் அரசியல் சட்டம் அனுமதிக்காது. ஜெலென்ஸ்கி தலையாட்டினால் முடிகிற சங்கதி இல்லை.

இந்த “அடுத்த முறை” என்ற பயம் வெறும் கற்பனையா? 1994இல் புடாபெஸ்டில் தன்னிடமிருந்த அணு ஆயுதங்களைக் கைவிட்டதற்கு ஈடாக எல்லையை மதிப்போம் என்று உக்ரைனுக்கு எழுதிக் கொடுத்த நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று, அமெரிக்காவும் ஒன்று. கிழக்கு உக்ரைனில் 2014இல் மூண்ட சண்டையை நிறுத்த, 2015 பிப்ரவரி 12 அன்று மின்ஸ்க்கில் இரண்டாவது ஒப்பந்தம், 15ஆம் தேதி முதல் சண்டைநிறுத்தம். 18ஆம் தேதி உக்ரைன் கையிலிருந்த தெபால்ட்சேவே நகரம் ரஷ்யா ஆதரித்த படையிடம் விழுந்தது. ஐரோப்பியக் கண்காணிப்பாளர்கள் வருடக்கணக்கில் மீறல்களை எண்ணி எழுதிக்கொண்டிருந்தார்கள், எண்ணினார்களே தவிர தடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. இப்போது போர்முனை 1000 கிலோமீட்டருக்கும் மேல். ட்ரோன் யார் விட்டது என்று யார் பார்த்துச் சொல்வது, மீறினால் யார் வந்து நிற்பது?

டிரம்பின் பலம் என்று கேள்வியில் சொன்னதே இந்த இடத்தில் திரும்பிக் கடிக்கிறது. சண்டைநிறுத்தம் வாங்குவதற்கு, என்ன செய்வாரோ என்ற பயம் கொஞ்சம் உதவலாம். அதைக் காப்பாற்றுவதற்கு, இவர் நிச்சயம் இதைச் செய்வார் என்ற நம்பிக்கை வேண்டும். அமெரிக்கா உத்தரவாதம் தரும் என்று இன்று சொல்பவர் அடுத்த வாரம் என்ன சொல்வார் என்று தெரியாவிட்டால், உக்ரைன் எந்த தைரியத்தில் அரணை விட்டுக் கொடுக்கும்? புதினுக்கும் இதே சந்தேகம் உண்டு: இவர் கொடுக்கும் சலுகையை நாளைக்கு இவரே பிடுங்கிக்கொண்டால்?

பைத்தியக்காரன் வேஷம் போட்டு எதிரியைப் பணிய வைப்பது புதிய யோசனை இல்லை. அமெரிக்க அதிபராக இருந்த நிக்சன் வியட்நாம் போரில் இதைத்தான் செய்து பார்த்தார். 1969 அக்டோபரில் சோவியத் யூனியன் பார்க்கும்படி ரகசியமாக அணு ஆயுதப் படைகளை உஷார் நிலையில் வைத்தார், பி-52 விமானங்களைப் பறக்கவிட்டார். வடவியட்நாம் தலைநகர் ஹனோய் அசரவில்லை. பாரிஸில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது 1973 ஜனவரியில்தான், அதுவும் வடவியட்நாம் படை தெற்கில் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்ற கணக்கில். இரண்டே வருடத்தில் தென்வியட்நாம் தலைநகர் சைகோன் விழுந்தது.

2025இல் உருப்படியாக எதுவுமே நடக்கவில்லையா என்றால், ஒன்று நடந்தது, ஆனால் பெரிதாக யாரும் பேசவில்லை. மே 16 அன்று இஸ்தான்புல்லில் இரண்டு தரப்பும், 2022க்குப் பிறகு முதல் முறையாக, நேருக்கு நேர் உட்கார்ந்தன. இரண்டு மணி நேரம்கூடப் பேசவில்லை, சண்டைநிறுத்தத்தில் ஒரு அங்குலம் நகரவில்லை. ஆனால் ஆயிரத்துக்கு ஆயிரம் கைதிகளை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். மே 23 அன்று இரண்டு பக்கமும் 390 பேர், 24 அன்று 307, 25 அன்று 303. மொட்டைத் தலையோடு, தோளில் கொடியைப் போர்த்திக்கொண்டு, பஸ்ஸிலிருந்து இறங்கிய உக்ரைன் ஆட்களிடம் காணாமல் போன மகன்களின் போட்டோவை நீட்டிக்கொண்டு தாய்மார்கள் நின்றார்கள். அந்த மூன்று இரவிலும் ட்ரோன்களும் ஏவுகணைகளும் விழுந்துகொண்டுதான் இருந்தன. மூன்றாம் நாள், கடைசி 303 பேர் வந்து சேர்ந்த அன்று ராத்திரி, புதினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று டிரம்ப் எழுதினார்.